பிரகடனத்துக்குப் பிறகு: வாசகர் கேள்வி – பதில்

சென்ற இதழில் அமெரிக்க விடுதலைப் போர் குறித்து வெளிவந்த கட்டுரையைத் தொடர்ந்து இராமநாதபுரம் மாவட்டத்துக் கடலோர ஊர்களிலிருந்து பல கடிதங்கள் வந்தன. குடியேற்ற ஆட்சிக்கு எதிரான கலகம் எப்படி ஒரு புதிய நாடாகிறது என்பதையே எல்லோரும் ஏதோ ஒரு வகையில் கேட்டிருக்கிறார்கள். அவற்றுள் ஆறு கேள்விகளுக்கு இங்கே பதில் தருகிறோம்.

கே: 1776இல் அமெரிக்கர்கள் ஒரு பிரகடனம் வெளியிட்டார்கள், நாடு பிறந்தது. 1801இல் சின்ன மருது ஒரு பிரகடனம் வெளியிட்டார், தூக்குக் கயிறுதான் மிஞ்சியது. இருவருக்கும் எதிரி ஆங்கிலேயர்தான். நம்மவர்கள் வீரத்தில் குறைந்தவர்களா?
— கல்லூரி மாணவர், கீழக்கரை

ப: வீரத்தை வைத்து இந்தக் கணக்கைப் போட்டால் விடை வராது. 1801 ஆகஸ்டு மாதம் முழுவதும் ஆங்கிலேயக் கர்னல் அக்னியூவின் படை, சிறுவயலிலிருந்து காளையார்கோயில் வரை காட்டை வெட்டிப் பாதை போட முயன்றது. மரத்தை வெட்டுகிறவர்களுக்குக் காவல் நின்ற சிப்பாய்கள் மீது மறைவிடங்களிலிருந்து இடைவிடாமல் தாக்குதல் நடந்ததால், செப்டம்பர் தொடக்கத்தில் அந்தப் படை வேலையைப் பாதியில் விட்டுவிட்டுத் திரும்பியது. மறுபுறம், பிரகடனம் வெளியான 1776ஆம் ஆண்டிலேயே அமெரிக்கப் படைத்தலைவர் வாஷிங்டன் நியூயார்க்கை இழந்து பின்வாங்கிக்கொண்டிருந்தார் என்பதையும் சேர்த்துப் பார்க்க வேண்டும். களத்தில் மட்டும் பார்த்தால், அந்த முதல் ஆண்டில் அமெரிக்கர்களின் நிலை மருது சகோதரர்களின் நிலையைவிட மேலாக இருந்ததாகச் சொல்ல முடியாது.

வேறுபாடு களத்துக்கு வெளியே இருந்தது. அமெரிக்காவில் பிரிட்டனின் ஆட்சியிலிருந்த பதின்மூன்று குடியேற்றங்களிலும் தேர்ந்தெடுக்கப்பட்ட சபைகள் தலைமுறை தலைமுறையாக இயங்கிவந்தன. வர்ஜீனியாவின் சபை 1619இல் கூடத் தொடங்கியது. வரி விதிப்பது, வசூலிப்பது, கணக்குக் கேட்பது, ஆளுநரோடு சண்டையிடுவது ஆகிய எல்லாமே அவர்களுக்குப் பழகிய வேலைகள். 1772 முதல் ஊருக்கு ஊர் கடிதத் தொடர்புக் குழுக்கள் உருவாயின. 1774 ஜூன் மாதம் பாஸ்டன் துறைமுகத்தைப் பிரிட்டன் மூடியபோது, ஆயிரம் மைல் தெற்கேயிருந்த தென் கரோலினாவிலிருந்து பாஸ்டன் மக்களுக்கு அரிசி கப்பலேறி வந்தது. அந்த ஆண்டு செப்டம்பரில் பன்னிரண்டு குடியேற்றங்களின் பிரதிநிதிகள் பிலடெல்பியாவில் கூடினார்கள். முதல் துப்பாக்கி வெடித்தது 1775 ஏப்ரல் 19ஆம் நாள்தான். அதாவது, கலகம் தொடங்குமுன்பே கலகத்தின் பெயரால் முடிவெடுக்க ஓர் அமைப்பு இருந்தது. 1776 ஜூலை 4 அன்று ஏற்கப்பட்ட பிரகடனம் அந்த அமைப்பின் குரலாக வெளிவந்தது.

1801 ஜூன் 16 நாளிட்டுத் திருச்சிராப்பள்ளிக் கோட்டை வாயிலிலும் திருவரங்கம் கோயில் மதிலிலும் ஒட்டப்பட்ட பிரகடனம் ஒரு வகையில் 1776ஐவிடத் துணிச்சலானது. சீமைகளையும் சாதிகளையும் கடந்து ஜம்புத்தீவின் (அதாவது இந்தியாவின்) மக்கள் அனைவரையும் அது விளித்தது. ஆங்கிலேயரின் கிழக்கிந்தியக் கும்பினிப் படையில் ஊழியம் செய்த சிப்பாய்களையும் அழைத்தது. ஆனால் அது முன்வைத்த தீர்வு, பரதேசிகளை, அதாவது அந்நியரை, விரட்டிவிட்டு அவரவர் பரம்பரை உரிமையை அவரவரிடம் திரும்ப ஒப்படைப்பது என்பதே. பழைய அரசுகள் பழையபடி நிற்க வேண்டும் என்றது. அவற்றுக்கு மேலே பொதுவான ஓர் அவையையோ பொக்கிஷத்தையோ அது கற்பனை செய்யவில்லை. இதைக் குறையென்று சொல்வதற்கில்லை, ஏனென்றால் அந்தக் காலத்தில் நம் நாட்டில் ஆட்சியுரிமை அரச மரபின் வழியாகவே அடையாளம் காணப்பட்டது.

கும்பினியார் கை வைத்ததும் சரியாக இந்த இடத்தில்தான். காட்டுப் பாதை தோற்ற சில நாட்களுக்குள், அந்தச் செப்டம்பரிலேயே, சோழபுரத்தில் படமாத்தூர் கௌரி வல்லபரைச் சிவகங்கையின் உரிமை வாரிசு என்று அறிவித்து முடிசூட்டிவிட்டார்கள். மருது சகோதரர்கள் அரச மரபில் வந்தவர்கள் அல்லர் என்பதைச் சுட்டி, ‘உங்கள் உண்மையான அரசர் எங்கள் பக்கம் இருக்கிறார்’ என்று மக்களிடம் சொல்ல அவர்களுக்கு ஓர் ஆள் கிடைத்துவிட்டார். மருது பக்கம் நின்றவர்களில் பலர் விலகினார்கள். அக்டோபர் முதல் நாளில் காளையார்கோயில் வீழ்ந்தது. 24ஆம் நாள் திருப்பத்தூரில் சகோதரர்கள் இருவரும் தூக்கிலிடப்பட்டார்கள். பிலடெல்பியாவில் கூடியிருந்த அவைக்கு இப்படி ஒரு மாற்று வாரிசைத் தேடிப் பிடிக்கப் பிரிட்டனால் இயலவில்லை.

இராமநாதபுரம் சீமையின் கதையும் இதையே காட்டுகிறது. 1795 பிப்ரவரியில் கும்பினியார் அதன் மன்னர் முத்துராமலிங்க சேதுபதியைப் பிடித்துத் திருச்சியில் சிறைவைத்த பிறகு, 1799இல் மயிலப்பன் சேர்வைக்காரர் தலைமையில் முதுகுளத்தூர், அபிராமம், கமுதிப் பகுதிகளில் குடிகள் எழுந்தார்கள். சேதுபதி சிறையில் இருக்க, அவர் பெயரால் ஆணையிட்டு நடத்த ஓர் அவை வெளியே இல்லை.

கடலை மறந்துவிடக் கூடாது. கடலோரத்து வாசகருக்கு இதை அழுத்திச் சொல்வது தகும். சரடோகாவில் ஆங்கிலப் படையை வென்ற சில மாதங்களில், 1778 பிப்ரவரி 6 அன்று, அமெரிக்கர்களுக்குப் பிரான்சின் கூட்டணி கிடைத்தது; 1781இல் யார்க்டவுனில் ஆங்கிலப் படைக்குக் கடல் வழியை அடைத்தது பிரெஞ்சுக் கப்பற்படை. அந்த ஆண்டுகளில் நம் பக்கத்திலும் காற்று திசை மாறி வீசியது. ஹைதர் அலியின் துணையோடு வேலு நாச்சியார் 1780இல் சிவகங்கையை மீட்டார். 1782இல் பிரெஞ்சுத் தளபதி சுஃப்ரேன் நாகப்பட்டினத்துக்கு எதிரே ஆங்கிலக் கப்பற்படையோடு மோதிவிட்டுத் திருகோணமலையைப் பிடித்தார். 1801க்குள் அந்த வாய்ப்புகள் எல்லாம் போய்விட்டன. புதுச்சேரி 1793இலும், ஒல்லாந்தர் வசமிருந்த இலங்கைக் கரை 1796இலும் ஆங்கிலேயர் கைக்குப் போயின. 1799இல் திப்பு இறந்தார். பாம்பனிலிருந்து எந்தத் திசையில் தோணி விட்டாலும் துணைக்கு அழைக்க வேறு ஒரு வல்லரசு இல்லை.

கே: தேயிலையின் விலை குறைந்ததற்காகத்தான் பாஸ்டனில் கலகம் நடந்தது என்று ஒருவர் சொல்கிறார். விலை ஏறினால் கோபப்படலாம், குறைந்தால் ஏன்?
— மளிகை வணிகர், தொண்டி

ப: அவர் சொன்னது பாதி உண்மை. சேதுபதியைச் சிறைவைத்த அதே கிழக்கிந்தியக் கும்பினி 1770களின் தொடக்கத்தில் கடனில் மூழ்கிக் கிடந்தது. அதன் இலண்டன் கிடங்குகளில் விற்காத தேயிலை மலையாகத் தேங்கியிருந்தது. அதைக் காப்பாற்றப் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் 1773இல் ஒரு சட்டம் செய்தது. இடைத்தரகர் இல்லாமல் கும்பினி நேரடியாக அமெரிக்காவுக்கு அனுப்பலாம், இலண்டனில் செலுத்தும் சுங்கம் தள்ளுபடி, ஆனால் அமெரிக்கத் துறைமுகத்தில் இறங்கும்போது ராத்தலுக்கு மூன்று பென்ஸ் வரி மட்டும் நீடிக்கும் என்பது அதன் சாரம். கள்ளக் கடத்தல் சரக்கோடு போட்டியிடும் அளவுக்கு விலை இறங்கியது.

உள்ளூர் வணிகர்களுக்கு இதில் இரண்டு அச்சங்கள் இருந்தன. கும்பினியால் நியமிக்கப்பட்ட சிலரைத் தவிர மற்றவர்களின் தேயிலை வாணிகம் படுத்துவிடும் என்பது ஒன்று. இன்று தேயிலைக்கு நடந்தது நாளை எல்லாச் சரக்குக்கும் நடக்கும் என்பது மற்றொன்று. அதற்கும் மேலாக, மலிவான தேயிலையை வாங்கிக் குடித்துவிட்டால், தங்கள் பிரதிநிதி ஒருவரும் இல்லாத நாடாளுமன்றம் தங்கள்மேல் வரி போடலாம் என்பதை ஒப்புக்கொண்டதாக ஆகிவிடும். 1773 டிசம்பர் 16 இரவில் மூன்று கப்பல்களிலிருந்து 342 பெட்டிகளை உடைத்து, நாற்பது டன்னுக்கும் மேற்பட்ட சீனத் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். அது வற்றுநேரம், தண்ணீர் இறங்கியிருந்ததால் கொட்டிய தேயிலை மூழ்காமல் கப்பலோரத்தில் குவியல் குவியலாக நின்றது, அதை மிதித்துப் பரப்ப ஆட்கள் இறங்க வேண்டியதாயிற்று. வணிகர் என்ற முறையில் தாங்கள் கவனிக்க வேண்டிய ஒன்று உண்டு: கொட்டியவர்கள் தேயிலையைத் தவிரக் கப்பலின் வேறு எந்தப் பொருளையும் சேதப்படுத்தாமல் பார்த்துக்கொண்டார்கள்.

கே: யார்க்டவுனில் சரணடைந்த காரன்வாலிசும், நாம் பள்ளியில் நிரந்தர நிலவரித் திட்டத்தோடு சேர்த்துப் படித்த காரன்வாலிசும் ஒருவரா?
— ஓய்வுபெற்ற கிராம நிர்வாக அலுவலர், உச்சிப்புளி

ப: ஒருவரேதான். 1781 அக்டோபர் 19 அன்று உடல்நலமில்லை என்று கூறித் தமக்கு அடுத்த நிலையிலிருந்தவரிடம் வாளைக் கொடுத்தனுப்பியவர், ஐந்தே ஆண்டுகளில் கவர்னர் ஜெனரலாகக் கல்கத்தாவில் இறங்கினார். 1793இல் வங்காளத்தில் அவர் கொண்டுவந்த முறையைப் பின்பற்றியே 1803இல் இராமநாதபுரமும் ஜமீனாக்கப்பட்டு, இராணி மங்களேசுவரி நாச்சியாருக்குச் சன்னது (உரிமைப் பட்டயம்) வழங்கப்பட்டது. ஆண்டுதோறும் குறித்த பேஷ்குஷ் (கப்பம்) தொகையைக் கட்ட வேண்டும், படை வைத்திருக்கக் கூடாது. தோற்ற தளபதிக்குத் தண்டனைக்குப் பதில் பதவி உயர்வு கிடைப்பது எக்காலத்திலும் நடக்கும் செய்தி என்பதால் இதில் வியக்க ஒன்றுமில்லை.

கே: வெள்ளையர் வெளியேறிய அன்றே நாடு பிறந்துவிட்டதாகக் கொள்ளலாமா? அமெரிக்காவுக்கு அரசமைப்பு எழுதப் பதினோர் ஆண்டுகள் ஆனது ஏன்?
— பள்ளி ஆசிரியை, தேவிபட்டினம்

ப: பாடநூல்கள் வேகமாகத் தாண்டிச் செல்லும் பகுதியைச் சரியாகப் பிடித்திருக்கிறீர்கள். என் கருத்தில், அமெரிக்கா என்ற நாடு உண்மையில் உருவானது போர் நடந்த காலத்தில் அன்று, போர் முடிந்த 1783க்கும் புதிய அரசு அமைந்த 1789க்கும் இடைப்பட்ட ஆறு ஆண்டுகளில்தான்; அந்த ஆண்டுகளின் முதன்மையான சிக்கல் பணம்.

1781இல் நடைமுறைக்கு வந்த முதல் கூட்டாட்சி ஒப்பந்தத்தின்படி, காங்கிரசு எனப்பட்ட பொது அவைக்கு வரி விதிக்கும் அதிகாரமே கிடையாது. மாநிலங்களிடம் பங்கு கேட்கலாம். கொடுப்பதும் கொடுக்காததும் அவர்கள் விருப்பம். போரின்போது அச்சிட்ட தாள் பணம் மதிப்பிழந்து, ஒன்றுக்கும் உதவாததைக் குறிக்க அதன் பெயரையே மக்கள் பழமொழியாக்கினார்கள். இறக்குமதிக்கு நூற்றுக்கு ஐந்து வீதம் சுங்கம் போட்டுக் கடனை அடைக்கலாம் என்ற திட்டத்துக்குப் பதின்மூன்று மாநிலங்களும் ஒருமித்து இசைய வேண்டும் என்பது விதி. முதல் முறை ரோட் தீவு என்ற மிகச் சிறிய மாநிலம் மறுத்தது, அடுத்த முறை நியூயார்க் முட்டுக்கட்டை போட்டது. 1783 ஜூனில் சம்பளப் பாக்கி கேட்டு வந்த படைவீரர்கள் அவை கூடிய கட்டடத்தைச் சூழ்ந்துகொண்டபோது, விடுதலை பெற்ற நாட்டின் பேரவை பிலடெல்பியாவை விட்டு வேறு ஊருக்கு ஓடியது.

இதைவிடக் கசப்பானது 1786இல் நடந்தது. மாசசூசெட்சு மாநிலம் தன் போர்க்கடனை அடைக்க உலோகக் காசாகவே வரி கேட்டது. காசு கிடைக்காத மேற்குப் பகுதி உழவர்கள் நிலத்தை ஏலத்தில் இழந்தார்கள்; அவர்களில் பலர் பிரிட்டனை எதிர்த்துப் போரிட்டுச் சம்பளத்துக்குப் பதில் கடன் சீட்டுப் பெற்றவர்கள், வறுமையில் அந்தச் சீட்டுகளை அடிமாட்டு விலைக்கு விற்றுவிட்டவர்கள். இப்போது அவர்கள் கட்டும் வரி, சீட்டுகளை வாங்கிப் பதுக்கியவர்களிடம் போய்ச் சேர்ந்தது. டேனியல் ஷேஸ் என்ற முன்னாள் படைத்தலைவரின் பின்னால் அணிதிரண்டு நீதிமன்றங்களை மூடவைத்தார்கள். 1787 தொடக்கத்தில் அந்தக் கலகம் ஒடுக்கப்பட்டது. கலகத்தால் பிறந்த ஆட்சி தன் மக்களின் கலகத்தைக் கண்டு நடுங்கியதுதான், அந்த ஆண்டு மே மாதம் பிலடெல்பியாவில் ஐம்பத்தைந்து பேர் கூடி அரசமைப்பை எழுத உடனடித் தூண்டுதலாயிற்று. செப்டம்பர் 17 அன்று கையொப்பமிட்டவர்கள் முப்பத்தொன்பது பேர். 1788 ஜூனில் ஒன்பதாவது மாநிலம் ஒப்பியதும் அது உயிர்பெற்றது. 1789 ஏப்ரல் 30 அன்று வாஷிங்டன் பதவியேற்றார். மாநிலங்களின் கடனைப் பொது அரசு ஏற்றுக்கொள்வது 1790இல்தான் முடிவாயிற்று, அதற்கும் தலைநகரைத் தெற்கே பொடோமாக் ஆற்றங்கரைக்கு மாற்றித் தருகிறோம் என்ற பேரம் தேவைப்பட்டது.

கடனைத் தீர்த்துக்கொள்ள முடியாமற்போன நாட்டுக்கு எடுத்துக்காட்டு ஹைட்டி. அடிமைகள் 1791இல் எழுந்து, பிரெஞ்சுப் படையைத் தோற்கடித்து, 1804 ஜனவரி முதல் நாளில் விடுதலை அறிவித்த அந்த நாட்டை ஏற்க வல்லரசுகள் முன்வரவில்லை. அமெரிக்காவே 1862 வரை ஏற்கவில்லை. 1825இல் பிரான்சு போர்க்கப்பல்களை நிறுத்தி, இழந்த தோட்டங்களுக்கும் அடிமைகளுக்கும் ஈடாகப் பதினைந்து கோடி பிராங்கு கேட்டது. அந்தத் தொகை பின்னர் குறைக்கப்பட்டாலும், அதற்காக வாங்கிய கடன்களின் சுமை இருபதாம் நூற்றாண்டு வரை நீண்டது. வென்றவன் தோற்றவனுக்கு இழப்பீடு கட்டிய விந்தை அது.

கே: என் பாட்டனார் மலேயாவில் நேதாஜி படையில் இருந்தவர். 1943இல் சிங்கப்பூரில் அறிவித்த ஆசாத் ஹிந்த் அரசை ஒரு நாட்டின் பிறப்பு என்று சொல்லலாமா?
— வாசகர், பெரியபட்டினம்

ப: அரசின் அறிவிப்பு என்று சொல்லலாம். 1943 அக்டோபர் 21 அன்று அமைந்த அந்த அரசுக்கு அமைச்சரவை இருந்தது, படை இருந்தது, மலேயாத் தோட்டங்களிலும் கடைகளிலும் உழைத்த தமிழர்கள் மனமுவந்து கொடுத்த பொருளும் நகையும் இருந்தன. ஜப்பானும் அதன் கூட்டாளி நாடுகளும் ஏற்றுக்கொண்டிருந்தன. ஆள்வதற்கு மண் இல்லை. அந்தமான் பெயரளவில் கிடைத்தாலும் நிர்வாகம் ஜப்பானியர் கையிலேயே இருந்தது. ஆனாலும் அந்தப் படை தோற்ற பிறகு வென்றது என்பதே என் எண்ணம். 1945 நவம்பரில் செங்கோட்டையில் அதன் அதிகாரிகள்மேல் வழக்கு நடந்தபோது நாடு கொந்தளித்தது. அடுத்த பிப்ரவரியில் கப்பற்படை மாலுமிகள் கிளர்ந்தார்கள். இந்தியச் சிப்பாயை நம்பி இனி இந்தியாவை ஆள முடியாது என்று இலண்டனுக்கு விளங்கிவிட்டது. தங்கள் பாட்டனாரின் ஆவணங்கள் ஏதேனும் வீட்டில் இருந்தால் பத்திரப்படுத்தி வையுங்கள்.

கே: புதிய நாடு பிறக்கும்போது அதில் இருப்பவர்கள் எல்லோரும் இயல்பாகவே குடிமக்கள் ஆகிவிடுவார்கள் அல்லவா? பிறகு எங்கள் ஊர் முகாமுக்கு இலங்கையிலிருந்து அத்தனை பேர் வந்தது ஏன்?
— வாசகி, மண்டபம்

ப: அப்படி ஆகிவிடுவதில்லை. எல்லோரும் சமமாகப் படைக்கப்பட்டவர்கள் என்று 1776இல் எழுதியபோது அந்தக் குடியேற்றங்களில் ஏறத்தாழ ஐந்தில் ஒருவர் அடிமை. 1790இல் வந்த குடியுரிமைச் சட்டம், வெளியிலிருந்து வருபவர்களில் சுதந்திரமான வெள்ளையர் மட்டுமே குடிமக்களாகலாம் என்றது. அடிமைமுறை ஒழிய 1865 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பிரிட்டிஷ் மன்னருக்கு விசுவாசமாக இருந்தவர்கள் ஏறக்குறைய அறுபதாயிரம் பேர் சொத்தைவிட்டு வெளியேறினார்கள். எங்கள் பக்கம் வந்தால் விடுதலை என்ற ஆங்கிலேயரின் வாக்கை நம்பித் தப்பிவந்த கறுப்பின மக்களில் மூவாயிரம் பேர் இன்றைய கனடாவிலுள்ள நோவா ஸ்கோஷியாவில் இறக்கிவிடப்பட்டார்கள். அங்கும் நிலம் சரியாகக் கிடைக்காமல், அவர்களில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் 1792இல் ஆப்பிரிக்காவின் சியரா லியோனுக்குக் கப்பலேறினார்கள். யார் நம்மவர் என்று முடிவுசெய்வது புதிய நாட்டின் முதல் வேலைகளில் ஒன்று, பெரும்பாலும் எளியவர்கள்தான் அதில் விடுபடுகிறார்கள்.

இலங்கை 1948 பிப்ரவரி 4 அன்று ஆயுதக் கலகம் எதுவுமின்றி விடுதலை பெற்றது. அதே ஆண்டில் நிறைவேறிய குடியுரிமைச் சட்டம், அங்கேயே பிறந்தவர்களிடமும், தந்தை அங்கே பிறந்ததற்கோ அல்லது பாட்டனும் பூட்டனும் அங்கே பிறந்ததற்கோ சான்று கேட்டது. தலைமன்னாரில் இறங்கி மலைநாட்டுத் தோட்டங்களுக்கு நடந்தே போனவர்களின் பேரப்பிள்ளைகளிடம் பிறப்புச் சான்றிதழ் ஏது? இலட்சக்கணக்கானோர் ஒரே சட்டத்தில் நாடற்றவர்களானார்கள். அடுத்த ஆண்டில் வாக்குரிமையும் போயிற்று. 1964 அக்டோபரில் இந்தியப் பிரதமர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோவும் செய்த உடன்பாடு 9,75,000 பேரைப் பங்கிட்டது: 5,25,000 பேர் இந்தியாவுக்கு, மூன்று இலட்சம் பேர் இலங்கைக்கு, மீதி ஒன்றரை இலட்சம் பேர் குறித்துப் பிறகு பேசுவது. பங்கிடப்பட்டவர்களிடம் யாரும் விருப்பம் கேட்டு அந்த எண்களை எழுதவில்லை.

ஒரு காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகும் கூலிகளை மருத்துவச் சோதனைக்காக நிறுத்திவைக்கக் கட்டிய மண்டபம் முகாம்தான், திரும்பி வந்தவர்களை முதலில் தங்கவைத்த இடமும் ஆயிற்று. அங்கிருந்து பலர் நீலகிரிக்கும் வேறு மாவட்டங்களுக்கும் அனுப்பப்பட்டார்கள். அக்கரையிலேயே தங்கிவிட்டவர்களில் எஞ்சியிருந்த நாடற்றவர்களுக்குக் குடியுரிமை வழங்கும் சட்டத்தை இலங்கை நாடாளுமன்றம் நிறைவேற்றியது 2003இல்.